மகளிர் கழிப்பறை, ஐந்தாம் மாடி

எங்கள் பக்கத்தில் யாரும் போர்டைப் படிப்பதில்லை, ஆளைத்தான் கேட்கிறார்கள். திருவிடந்தையில் கோயில் வளைவுக்கு நேர் கீழே காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, "கல்யாணப் பெருமாள் கோயில் எங்கம்மா?" என்பார்கள். தலைக்கு மேலே பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். பஸ்ஸுக்கு நிற்கிற நான் கையை நீட்டிக் காட்டுவேன். வழி காட்டுவதே என் பிழைப்பாகப் போகிறது என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் கையை மடக்கிக்கொண்டு நின்றிருப்பேன்.

கேளம்பாக்கத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த டிசைன் கம்பெனியில் எனக்கு வேலை. முதலாளி செங்கல்பட்டுக்காரர். நம்பர் பிளேட், கடை போர்டு என்று ஆரம்பித்து, ஓ.எம்.ஆர். சாலை வளர வளர அவரும் வளர்ந்து, சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்குச் 'சைனேஜ்' செய்கிற அளவுக்கு வந்துவிட்டார். சைனேஜ் என்பது பெரிய மர்மமில்லை. புதிதாக உள்ளே வருகிற ஆள் எந்த இடத்தில் திருதிருவென்று விழிப்பாரோ, அந்த இடத்தில் ஓர் அம்புக்குறி வைக்க வேண்டும். அம்புக்குறி எந்த உயரத்தில் இருக்க வேண்டும், எழுத்து எவ்வளவு தூரத்திலிருந்து தெரிய வேண்டும், விளக்கு எந்தப் பக்கம் அடிக்கிறது, இவ்வளவுதான் சங்கதி. செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் விஸ்காம் படித்துவிட்டு வந்த எனக்கு அது பிடித்திருந்தது. இந்த வேலையில் பொய் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். விளம்பர போர்டு பொய் சொல்லும், வழி காட்டுகிற போர்டு சொல்லாது என்று முதலாளியிடம் ஒருமுறை வீராப்பாகச் சொன்னதும் நினைவிருக்கிறது. அவர் சிரித்துவிட்டு டீ சொல்லப் போனார்.

சிறுசேரியில் ஒரு கம்பெனி தன் ஐந்தாம் மாடியை முழுதாகப் பிரித்து மாற்றிக் கட்டியது. பழைய கேபின்கள், தடுப்புகள், கதவுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடி தெரிகிற ஒரே கூடமாக ஆக்கியிருந்தார்கள். ஓப்பன் பிளான் என்று பெயர். முதல் நாள் எங்களைச் சுற்றிக் காட்டிய அட்மின் மேனேஜர் நல்ல மாதிரியான பெண்மணி. எங்களுக்கும் காபி வரவழைத்தார், உட்காரச் சொன்னார்.

"நம்ம ஆபீஸ்ல இனிமே சுவரே கிடையாது. எங்க டைரக்டரே நடுவுலதான் உக்காருவார். பெரியவங்க சின்னவங்கன்னு எதுவும் இல்ல, எல்லாரும் ஈக்வல்" என்றார்.

"அப்போ போர்டை எங்க மேடம் மாட்டுறது?" என்று கேட்டேன்.

என் கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே அதுதான் எங்கள் தலைவலி. சுவர் இல்லாத இடத்தில் போர்டு மாட்ட ஆணிக்கு இடமில்லை. கூரையிலிருந்து கம்பியில் தொங்கவிட்டால் ஏ.சி. காற்றில் ஊஞ்சலாடுகிறது. தூணில் ஒட்டினால் பாதிப் பேருக்குத் தூண் மறைக்கிறது. தரையில் ஒட்டினால் நாற்காலிச் சக்கரம் ஏறி எழுத்து தேய்கிறது. கடைசியில் கூடத்தை ஐந்து பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமும் ஒரு பெயரும் கொடுத்து, தொங்கலும் தூணும் கலந்து செய்வது என்று முடிவானது. பெயர்களை மேனேஜர்தான் சொன்னார். கடற்கரைப் பக்கத்து ஊர்களாக இருக்கட்டும், அழகாக இருக்கும் என்றார். கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம் எல்லாம் வந்தன. கல்பாக்கம் என்றதும் கொஞ்சம் யோசித்து, அதைக் காபி மெஷின் இருக்கிற மூலைக்குக் கொடுத்தார். எனர்ஜி என்று அவரே சொல்லி அவரே சிரித்துக்கொண்டார்.

சுவர் இருந்தபோது தொலைந்துபோகாத ஆட்கள் சுவர் போனதும் ஏன் தொலைந்துபோகிறார்கள் என்று கேட்டேன். எல்லா இடமும் ஒரே மாதிரி இருப்பதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும், அவர் வாயால் கேட்க ஆசைப்பட்டேன். அவர் வேறொன்றைச் சொன்னார். "புதுசா சேர்றவங்க வழி தெரியலன்னா ஹவுஸ்கீப்பிங் ஸ்டாஃபைப் போய்க் கேக்குறாங்க. பார்க்க நல்லா இல்ல. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டோம்."

நான் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். அந்த ஹவுஸ்கீப்பிங் ஸ்டாஃபில் என் அண்ணியும் ஒருத்தி.

அண்ணி என்றால் என் கூடப் பிறந்த அண்ணனின் மனைவி. அண்ணன் சாஃப்ட்வேர் ஆட்களை ஏற்றி இறக்குகிற வண்டி ஓட்டுகிறான். எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த நிலத்தில் இப்போது நீச்சல் குளம் வைத்த அடுக்குமாடி நிற்கிறது. எங்கள் தெருவுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு, ஆனால் ஊர்க்காரர்கள் காலனி என்றுதான் சொல்வார்கள். அண்ணி கல்யாணமாகி வந்து கொஞ்ச நாளிலேயே கான்ட்ராக்டர் மூலமாக அந்தக் கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நீலச் சட்டை, நீல பேண்ட், தலையில் வலை. சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் அந்த உடுப்பைக் கழற்றி எறிகிற வேகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த ஆர்டர் எங்களுக்கு வந்தது என்று சொன்னபோது அண்ணிக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

"இன்னா பாரு பாப்பா, அங்க வந்து அண்ணி கிண்ணின்னு கூப்டுகினு நிக்காத. சூப்பர்வைசர் ஒருத்தன் கீறான். உன் சொந்தக்காரி ஆபீசரு மாரி வர்றா, உனக்கு ஏன் இந்த வேலைன்னு பேஜாரு பண்ணுவான்."

"நான் ஆபீசரு இல்ல அண்ணி. நானும் கூலிதான்."

"ஏ.சி.ல நின்னு கைய நீட்டிப் பேசறவங்க எல்லாம் எங்களுக்கு ஆபீசருதான்" என்றாள்.

அதன்படியே நடந்தது. நான் டேப்பும் லேசரும் வைத்துத் தூண் தூணாக அளந்துகொண்டிருப்பேன். அவள் மாப்போடு என்னைக் கடந்து போவாள். "எக்ஸ்கியூஸ் மீ மேடம்" என்று சொல்லிவிட்டு, நாலடி தள்ளிப் போய்த் தோள் குலுங்கச் சிரிப்பாள். திருவிடந்தை என்று எழுதிய போர்டைத் தொங்கவிட்ட அன்று வீட்டுக்கு வந்து, "நம்ம ஊரு அஞ்சாவது மாடில கீது, இனிமே பஸ்ஸு வேணாம், லிஃப்டுல ஏறனா போதும்" என்று அண்ணனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

போர்டுகளில் தமிழும் வேண்டும் என்று கேட்டது நான்தான். மேனேஜருக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. "எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியுமே, அடைசலா இருக்காதா?" என்றார். நான் விடவில்லை. தமிழ் எழுத்துக்கு ஏற்ற இடைவெளி விட்டு, இங்கிலீஷுக்குச் சமமான அளவில், இரண்டும் ஒன்றையொன்று மிதிக்காமல் ஒரு மாதிரி செய்து எடுத்துப் போனேன். வேறு மாநிலத்துக்காரரான அவர்களுடைய டைரக்டர் அதைப் பார்த்துவிட்டு, லோக்கல் டச் நன்றாக இருக்கிறது என்றார். போட்டோவில் அழகாக விழும் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு மேனேஜருக்கும் தமிழ் பிடித்துப்போனது. எந்தக் காரணத்துக்காகப் பிடித்தால் என்ன, எழுத்து போர்டில் ஏறினால் சரி என்று இருந்தேன்.

ஆக, எல்லா போர்டிலும் இரண்டு மொழி. மீட்டிங் ரூம், பேன்ட்ரி, படிக்கட்டு, தீயணைப்புக் கருவி, எல்லாமே. கூடத்தின் வடக்கு மூலையில் இருந்த கதவின் பக்கத்தில், ஒரு பெண் உருவமும் கீழே 'மகளிர் கழிப்பறை' என்ற எழுத்தும். நான் செய்ததிலேயே எனக்குத் திருப்தியான போர்டு அது. எழுத்து அவ்வளவு பாந்தமாக உட்கார்ந்திருந்தது.

எனக்குத் தெரியாத ஒரு வழக்கம் அந்தக் கட்டடத்தில் இருந்தது. அதற்கு முன்னால் அங்கே தமிழில் எழுதிய போர்டுகள் கொஞ்சம் இருந்தன. எச்சில் துப்பாதீர். குப்பை மூட்டையை இந்த லிஃப்டில் ஏற்றக் கூடாது. பணியாளர்கள் பின்வழியாகச் செல்லவும். சாப்பாட்டுக் கூடையை இங்கே வைக்கக் கூடாது. சாஃப்ட்வேர் ஆட்களுக்கு எதையாவது சொல்வதென்றால் இங்கிலீஷில் சொல்வார்கள், பெரும்பாலும் ப்ளீஸ் போட்டு. தமிழில் ஒன்று எழுதியிருந்தால் அது ஹவுஸ்கீப்பிங்குக்கும் செக்யூரிட்டிக்கும் தோட்டக்காரருக்கும்தான். இத்தனை வருஷத்தில் அவர்கள் படித்துத் தெரிந்துகொண்ட சட்டம் அது. தமிழில் எழுதியிருந்தால் அது நமக்கு.

போர்டுகள் மாட்டி முடித்த வாரத்தில் ஒரு நாள் காலை, கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் அண்ணியும் நானும் சேர்ந்து போனோம். அவள் முகம் பளிச்சென்று இருந்தது.

"மேட்டர் தெரியுமா? அஞ்சாவது மாடில எங்களுக்கும் பாத்ரூம் உட்டுட்டாங்க."

"உட்டுட்டாங்கன்னா?"

"இன்னா உட்டுட்டாங்கன்னா? போலாம்னு சொல்டாங்க. போர்டுல தமிழ்லயே எழுதி மாட்டி கீதே, நீ பாக்கல? நீதானடி மாட்டன."

நான் அவளையே பார்த்தேன். "இதுக்கு முன்னாடி எங்க போய்க்கினு இருந்தீங்க?"

"கீழ. பேஸ்மென்டுல. ஜெனரேட்டராண்ட ரெண்டு கீது, கட்டடம் மொத்தத்துக்கும். சர்வீஸ் லிஃப்டு புடிச்சி எறங்கி, லைன்ல நின்னு, ஏறி வர்றதுக்குள்ள சூப்பர்வைசர் தேடுவான். அதான் நாங்க யாரும் தண்ணியே குடிக்கமாட்டோம். சாயந்திரம் வூட்டுக்கு வந்து மொத்தமா குடிச்சிக்குவோம்."

ஆட்டோ உப்பங்கழிப் பாலத்தில் ஏறியது. எனக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. முந்தின கோடையில் அண்ணிக்கு நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டு, திருப்போரூர் வழியாக பஸ் மாறி நான்தான் அழைத்துப் போனேன். டாக்டரம்மா நன்றாகவே பார்த்தார், நன்றாகவே திட்டினார். "ஏம்மா, இவ்வளவு முத்துற வரைக்கும் தண்ணி குடிக்காம என்ன பண்ணீங்க? கிட்னி போயிடும்மா." அண்ணி, "வேலைல மறந்துடுது மேடம்" என்று தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். வரும் வழியில் நானும் என் பங்குக்குத் திட்டினேன். ஒரு பாட்டில் தண்ணீர் குடிக்க மறக்கிற அளவுக்கு அப்படி என்ன வேலை என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறந்ததெல்லாம் இல்லை என்று இப்போது தெரிந்தது.

அந்த போர்டு அனுமதி இல்லை, வெறும் மொழிபெயர்ப்பு என்று நான் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? மகளிர் என்று போட்டிருக்கிறது, அவர்கள் மகளிர். கழிப்பறை என்று போட்டிருக்கிறது, அவர்களுக்குக் கழிக்க வேண்டியிருக்கிறது. இதில் எந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கிறது?

"போர்டுல இன்னா எழுதி கீதோ அதான் அண்ணி. போங்க" என்றேன்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் அவள் பையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. காலையில் அதை நிரப்பும்போது எதையாவது பாடுவாள். மதியம் இரண்டாவது தடவை நிரப்பினேன் என்று பரிசு வாங்கிய மாதிரி வந்து சொல்வாள். அவளோடு வேலை செய்கிற ஒரு பெண் பிள்ளை பெற்று ஆறு மாதம்கூட ஆகவில்லை, அவளுக்குத்தான் ரொம்ப உபகாரம் என்றாள். இதையெல்லாம் கேட்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன். படித்த படிப்புக்கு வீட்டில் ஒரு ஆளுக்காவது பிரயோசனம் இருக்கிறதே என்று இருந்தது.

பிறகு ஒரு புகார் போனது. அந்தத் தளத்தில் வேலை செய்கிற யாரோ மெயில் போட்டிருக்கிறார்கள். கழிப்பறைத் தரை ஈரமாக இருக்கிறதாம். நீலச் சட்டை போட்ட ஒரு பெண் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரினாளாம். அந்தத் தரையைத் தினமும் துடைக்கிறவளும் அந்தக் கண்ணாடியைத் தினமும் துலக்குகிறவளும் அதே நீலச் சட்டைதான். துடைக்கப் போகும்போது யார் கண்ணிலும் அவள் படவில்லை. தன் தலையை வாரியதும் பட்டுவிட்டாள்.

என்னையும் முதலாளியையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். மேனேஜர் அன்றும் காபி சொன்னார்.

"யாரும் அவங்களுக்கு எதிரா இல்ல. ப்ளீஸ், தப்பா எடுத்துக்காதீங்க. ஹைஜீன் இஷ்யூ, அவ்வளவுதான். நாங்க விசாரிச்சோம். உங்க போர்டைப் பார்த்து அவங்க கன்ஃப்யூஸ் ஆயிட்டாங்க."

"கன்ஃப்யூஸ் ஆகற மாதிரி அதுல எதுவும் இல்லையே மேடம்" என்றேன். முதலாளி மேசைக்கடியில் என் காலை லேசாக இடித்தார்.

"தமிழ்ல இருக்கிறதால அவங்களுக்குன்னு நினைச்சுட்டாங்க. அந்த ஒரு போர்டுல மட்டும் தமிழ் எடுத்துடுங்க. கீழ, அசோசியேட்ஸ் ஒன்லின்னு ஒரு லைன் சேர்த்துடுங்க. சின்னதா போதும், டீசன்டா."

அசோசியேட் என்றால் அந்தக் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருப்பவர். கான்ட்ராக்டரின் ஆட்கள் அதில் வரமாட்டார்கள். சின்னதாக, டீசன்டாக. எங்கள் தெருவுக்கு ஹைஜீன் என்ற சொல்தான் புதிது, சங்கதி பழையது. எந்தக் கடையில் எந்தத் தம்ளர் என்று என் அப்பாவுக்கு யாரும் போர்டு எழுதிக் காட்டவில்லை. இங்கே எழுதிக் காட்டச் சொல்கிறார்கள், அதையும் என் கையால் எழுதிக் காட்டச் சொல்கிறார்கள்.

அலுவலகத்துக்கு வந்ததும், "நான் அதைச் செய்யமாட்டேன் சார்" என்றேன்.

"சரி, நீ செய்ய வேணாம். வேற யார்னா செய்யட்டும்" என்றார், கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பக்கத்து மேசைக்காரர் என் ஃபைலைத் திறந்தார். எழுத்து, அளவு, நிறம், இடைவெளி எல்லாவற்றையும் யார் வந்தாலும் பிசகாமல் செய்யும்படி நான்தான் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். ஒரு டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

வேலையை விட்டெறிந்துவிட்டு வந்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. விடவில்லை. எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒழுங்காக வருவது என்னுடையதும் அண்ணியுடையதும்தான்.

அதற்குப் பதில் ஒன்று செய்தேன். மறுநாள் தனியாகச் சிறுசேரிக்குப் போய் மேனேஜரைப் பார்த்தேன். போர்டு மாட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை யோசியுங்கள் என்றேன். கீழே இருக்கிற இரண்டைத்தான் அத்தனை பெண்களும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்றேன். அவர் கவனமாகக் கேட்டார். "பில்டிங் மெயின்டனன்ஸுக்கு எழுதுறேன்" என்றார். எழுதமாட்டார் என்று குரலிலேயே தெரிந்தது. அப்போதுதான் எனக்குப் பொறுக்காமல் போனது.

"அதுல ஒருத்தங்க என் சொந்த அண்ணி மேடம். போன வருஷம் ஆஸ்பத்திரியில நான்தான் வச்சிப் பார்த்தேன்."

அவர் முகம் மாறியது. கோபமில்லை, வருத்தம்கூட இல்லை. என்னை அதுவரை வைத்திருந்த இடத்திலிருந்து எடுத்து வேறு எங்கோ வைக்கிறார் என்று மட்டும் பட்டது. என் செருப்பைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"அடடா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே! அவங்க பேர் சொல்லுங்க, அவங்களுக்கு மட்டும் நான் அலவ் பண்றேன். செக்யூரிட்டிகிட்ட சொல்லிடுறேன், பிரச்சினை இல்ல" என்றார். நிஜமாகவே உதவி செய்கிற சந்தோஷம் அவர் குரலில் இருந்தது.

அன்று சாயந்திரம் அண்ணி கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். போர்டு மாறப் போகிறது, ஆனால் உங்களுக்கு மட்டும் விடுகிறார்களாம் என்றேன். அவள் கை நிற்கவில்லை.

"எனுக்கு மட்டுமா? அப்போ அந்தப் புள்ள பெத்தவ?"

"உங்களுக்கு மட்டும்தான் சொன்னாங்க."

"நான் மட்டும் உள்ள போய்கினு வந்தா, கீழ லைன்ல நிக்கிறவளுங்க மூஞ்சில எப்டி முழிக்கிறது? வாணாம்னு சொல்டு." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "உன்ன யாரு என் பேச்ச அங்க எடுக்கச் சொன்னது? இத்தினி நாளு நீ அங்க மேடமா இருந்த. இப்போ அதுவும் போச்சா?"

"அதனால என்ன அண்ணி? நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்று கத்தினேன். அவள் மீனை அலசினாள். மறுநாள் காலையில் தண்ணீர் பாட்டில் அடுப்படி மேடையிலேயே இருந்தது.

போர்டு மாறியது. வேலை எல்லாம் முடிந்து ஒப்படைக்கிற நாள் வந்தது. ஒவ்வொரு போர்டாக நின்று பார்த்து, கோணல், கீறல், உரிந்த ஓரம் ஏதும் உண்டா என்று சரிபார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும். எந்த போர்டு எங்கே இருக்கிறது என்று முழுதாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதனால் முதலாளி என்னைத்தான் அனுப்பினார். காலையிலிருந்து கூடம் முழுக்க நடந்தேன். கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம். எல்லாம் நேராக இருந்தன. மேனேஜர் கூட வரவில்லை, உதவியாளரை அனுப்பியிருந்தார். காபி வரவில்லை. அது பற்றி எனக்கு ஒன்றுமில்லை, வெயிலில் வந்ததால் வழியிலேயே ஒரு இளநீரும் பாட்டில் தண்ணீரும் குடித்திருந்தேன்.

மதியம் நெருங்கும்போது அடிவயிறு கனத்தது. கையிலிருந்த பேப்பரை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு வடக்கு மூலைக்குப் போனேன். எத்தனையோ மாதமாக அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் வந்தவள்தான் நான். இப்போது கதவருகே ஸ்டூல் போட்டு ஒரு செக்யூரிட்டிப் பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"மேடம், உங்க டேக்கு செவப்புங்க."

வெளியிலிருந்து வருகிறவர்களுக்குச் சிவப்பு நாடா, கம்பெனி ஆட்களுக்கு நீலம். முதல் நாளிலிருந்து என் கழுத்தில் சிவப்புதான் தொங்கியது. அதை யாரும் பார்த்ததே இல்லை.

"நான் இந்த போர்டெல்லாம் செஞ்ச கம்பெனி. தெரியுமில்ல உனக்கு?" என்றேன்.

"தெரியுங்க மேடம். வெண்டருங்களையும் கீழ அனுப்பச் சொல்லி போன வாரம்தான் சொன்னாங்க. உங்களையும்னுதான்…" அவள் முடிக்கவில்லை. "கோச்சிக்காதீங்க மேடம், என் வேல பூடும்" என்றாள். எங்கள் பக்கத்துப் பேச்சுதான் அவளுடையதும். அவள் தலைக்குப் பக்கத்தில் என் எழுத்து, என் நிறம், என் இடைவெளி. கீழே சின்னதாக, டீசன்டாக அந்த வரி.

மேனேஜரிடம் போய்ச் சண்டை போட வேண்டும் என்று கால் திரும்பியது. ஆனால் உடம்பு அதற்கெல்லாம் நேரம் கொடுக்கவில்லை. சர்வீஸ் லிஃப்டை நோக்கி ஓடினேன். அது குப்பை மூட்டையோடு ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று இறங்கியது. பேஸ்மென்டில் டீசல் வாடை, ஜெனரேட்டர் இரைச்சல். எங்கே என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. நீலச் சட்டைகள் சுவரோரமாக வரிசையில் நின்றன. இருந்த இரண்டு கதவில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல், உள்ளே போனவளுக்காக இன்னொருத்தி வெளியே பிடித்துக்கொண்டு நின்றாள். வரிசையில் அடுத்த ஆள் அண்ணி.

என்னை அங்கே பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் சிரிக்கவில்லை. அதற்குள் மற்றவர்கள் என் கழுத்து நாடாவையும் கையிலிருந்த பேனாவையும் பார்த்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். "நீங்க போங்க மேடம், நீங்க போங்க" என்று வழி விட்டார்கள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். நிற்க முடியாமல் கால் மாற்றிக் கால் வைத்தேன்.

கதவு திறந்தது. அண்ணி என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"போ. உனக்குப் பழக்கம் கெடியாது. எனுக்கு அடக்கிப் பழக்கம்."

அடக்க முடியவில்லை. போனேன். அவள்தான் வெளியிலிருந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே குழாயில் தண்ணீர் நூலாக வந்தது, பக்கெட்டில் பிடித்து ஊற்ற நேரமானது. வெளியே சூப்பர்வைசர் சத்தம் போடுவது கேட்டது. இடைவேளை முடிந்தது, எல்லாரும் மேலே ஏறுங்கள் என்று கத்தினான். செருப்புச் சத்தங்கள் லிஃப்ட் பக்கம் ஓடின. நான் கதவைத் திறந்தபோது வெளியே அதைப் பிடித்துக்கொண்டு நின்றது யாரோ ஒரு பெண். அண்ணி உள்ளே போகாமலேயே மேலே ஏறிவிட்டிருந்தாள்.